குழாய் வண்டியின் சிவப்புக் கோடு

அன்று காலை ஆற்றுப்பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முன்னால் அதேபோல நின்றுபோன இன்னொரு பஸ், அதற்கும் முன்னால் ஒன்று. மூன்றும் ஹைட்ரஜனில் ஓடுகிற புது பஸ்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது யாரு பண்ண தப்பு?"

மூன்று வாரம் கழித்து ஊருக்கே பதில் தெரிந்துவிட்டது. ஹைட்ரஜன் கொண்டுவரும் டிரைவர் ஒருவர் சரக்குச் சீட்டில் பொய்யாக எழுதினாராம், அதனால்தான் எல்லாம் என்றார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு டிரைவர் எதற்காகப் பொய் எழுத வேண்டும்? தேடிப் போய் விசாரித்ததில் கிடைத்தது இந்தக் கதை.

ஹைட்ரஜன் தயாரிக்கும் பிளாண்டில் அந்த டிரைவருக்குப் பெயர் 'தொடப்பம்', அதாவது விளக்குமாறு. ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கசிந்து தீப்பிடித்தாலும் வெயிலில் அந்தத் தீ கண்ணில் படாது. எரிகிறது என்று தெரியாமலே ஒரு ஆள் நேராக அதற்குள் நடந்துவிடலாம். கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. பிளாண்டிலும் ஆறு இருந்தன. ஆனால் பயிற்சி வகுப்பில், அந்தக் காலத்து ஆட்கள் நீளமான விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பதுபோல ஒரு படம் காட்டினார்கள். விளக்குமாறு பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது, நில் என்று அர்த்தம். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு விளக்குமாறு வாங்கி, நீளமான கொம்பில் கட்டி, வண்டியில் போட்டுக்கொண்டார். தினமும் வண்டியை எடுக்குமுன் அதை நீட்டியபடி ஒரு சுற்று வருவார்.

"என்ன தொடப்பம், வாசல் பெருக்கியாச்சா?" என்பார் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி.

"பெருக்கியாச்சு. குப்பைன்னு பாத்தா நீ ஒருத்தன்தான் மிச்சம்."

இந்தப் பேச்சு இரண்டு வருடம் தினமும் நடந்தது. இருவருக்கும் அலுக்கவில்லை.

அதற்கு முன் பதினெட்டு வருடம் அவர் தண்ணீர் லாரி ஓட்டினார். பிளாண்டுக்குக் கூட்டிவந்தது மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. டிப்ளமா படித்தவன், பிளாண்டில் சூப்பர்வைசர். அக்கா வீட்டிலேயே தங்கிப் படித்தவன். அவன் பரீட்சைக்குப் போன நாட்களில் தண்ணீர் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டது இவர்தான்.

"மாமா, தண்ணிய சுமந்தது போதும். அதே தண்ணிய நாங்க கரண்டை வச்சு ரெண்டா பிரிச்சுத் தர்றோம். ஒரு பாதிய மட்டும் நீங்க சுமங்க," என்றான்.

"எந்தப் பாதி?"

"கனமில்லாத பாதி."

"அப்ப சரி மாப்ள. எனக்கு முதுகு வலி."

கனமில்லாத பாதிதான். ஆனால் அதை அடைத்து எடுத்துப் போகப் பன்னிரண்டு நீளமான இரும்புக் குழாய்கள் வேண்டும். முப்பது டன் வண்டியில் முந்நூறு கிலோ சரக்கு. "ஒரு எருமை மாட்டை ஏத்திட்டுப் போக ஒரு கப்பலா?" என்று முதல் நாள் கேட்டார். அந்தக் குழாய் வண்டியை ஓட்டச் சாதாரண லைசென்ஸ் போதாது, அபாயச் சரக்கு அனுமதி அட்டை வேண்டும். ஆறு வாரம் வகுப்பு, பிறகு பரீட்சை. இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். அவர் வாழ்நாளில் தேறிய ஒரே பரீட்சை அது. அட்டையைச் சட்டைப்பையில், நெஞ்சுப் பக்கமாகவே வைத்திருப்பார். அதில் ஒரு விதி உண்டு. பாதுகாப்பில் ஏமாற்றினார் என்று ஒரே ஒருமுறை எழுதப்பட்டால் போதும், அட்டை போய்விடும். ஆயுளுக்கும் திரும்பி வராது.

வேலை இப்படி. காலையில் பிளாண்டில் நிரப்பிய வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள், பெட்ரோல் பங்கு மாதிரி பஸ்களுக்கு ஹைட்ரஜன் போடும் பங்குக்குப் போவார். அதை அங்கே விட்டுவிட்டு, முந்தின நாள் விட்ட வண்டியைக் கழற்றிக்கொண்டு திரும்புவார். பேச்சுக்குத்தான் அது காலி வண்டி. உண்மையில் அது காலியாகவே கூடாது. குழாயில் இருபது பார் அழுத்தமாவது மிச்சம் இருக்க வேண்டும். சுத்தமாகக் காலியானால், வெயில் இறங்கிக் குழாய் குளிரும்போது அது மூச்சை உள்ளே இழுக்கும். வால்வில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே போய்விடும். ஈரம் போனால் பஸ் கெடும். காற்று அதிகமாகக் கலந்தால் வண்டியே வெடிக்கும்.

அதற்காக அவர் ஒரு காரியம் செய்திருந்தார். மனைவியின் நகப்பூச்சை எடுத்துவந்து, இரண்டு வண்டிகளின் பிரஷர் மீட்டர் கண்ணாடியிலும் இருபதுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். முள் அந்தக் கோட்டைத் தொடுமுன் பங்கில் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். பங்கில் வேலை பார்க்கும் பெண்ணிடம், "தங்கச்சி, வண்டியைப் பட்டினியா அனுப்பாத. வயித்துல கொஞ்சம் வச்சு அனுப்பு," என்பார். அவளும் அப்படியே செய்தாள். திரும்பிய அழுத்தம் எவ்வளவு என்று அவர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் பிளாண்டில் மறுபடி நிரப்புவார்கள்.

இது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது விலைப் பேச்சு வந்தது.

நகரத்துப் பஸ்களுக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். ஹைட்ரஜன் டீசலைவிட மலிவாக இருந்தால்தான் கையெழுத்து, இல்லையென்றால் எல்லாப் பஸ்ஸும் பழையபடி டீசலுக்கே போகும் என்று சொல்லிவிட்டார்கள். பிளாண்டு மேனேஜர் எல்லா மூலையிலும் தேடினார். கடைசியில் குழாய் வண்டியில் வந்து நின்றார். போகிற சரக்கில் பத்தில் ஒரு பங்கு விற்காமலே திரும்பி வருகிறதே, அதை ஏன் சுமந்துகொண்டு அலைய வேண்டும்?

மேனேஜர் இவரிடம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். மனைவி எதிரே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்து ஆளுக்கு இரண்டு சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இனிமே பங்குல முழுசா இழுத்துக்கட்டும். முள் சைபரைத் தொட்டாலும் பரவாயில்ல," என்றான்.

"காத்து உள்ள போயிடுமே மாப்ள."

"போனா என்ன? பிளாண்டுக்கு வந்ததும் நைட்ரஜன் விட்டு மூணு தடவை உள்ள கழுவுறோம். சோதனை பண்ணிட்டுத்தான் ரொப்புவோம். அது என் பொறுப்பு."

"சீட்டுல என்ன எழுதட்டும்?"

"பழைய இருபதையே எழுதுங்க. தலைமை ஆபீஸ்ல இன்னும் ஃபார்ம் மாத்தல. சைபர்னு எழுதினா கம்ப்யூட்டர் வண்டியை நிறுத்திடும். ஒரு மாசம்தான், அப்புறம் மாத்திடுவாங்க."

அவர் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "பொய்யா எழுதச் சொல்ற."

"நான் சொல்லி எழுதுறது எப்படி மாமா பொய்யாகும்? சீட்டை வாங்கிக்கிறவனே நான்தானே. என்னை நம்ப மாட்டீங்களா?"

மனைவி சொன்னாள்: "அவன் படிச்சவன்ங்க. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கிளம்பும்போது மச்சினன் செருப்பைப் போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "அந்தச் சிவப்புக் கோட்டை அழிச்சுடுங்க. செக்கிங் வர்றவங்க பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க."

மறுநாள் அவர் வீட்டுச் சாவியால் இரண்டு கோடுகளையும் சுரண்டி எடுத்தார். நகப்பூச்சு லேசில் வரவில்லை. அரை மணி நேரம் ஆனது என்று என்னிடம் சொன்னார்.

பங்குப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. முள் சைபரில் நிற்பதைப் பார்த்து, "அண்ணே, பட்டினியா அனுப்பாதேன்னு சொன்னது நீங்கதானே?" என்றாள்.

"பிளாண்டுல கழுவுறாங்க தங்கச்சி."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அது உண்மை. முதல் மாதம் முழுக்க அவர் நின்று பார்த்தார். மூன்று மணி நேரம் பிடித்தது. நைட்ரஜன் உள்ளே போகும், சீறிக்கொண்டு வெளியே வரும், மூன்று முறை. மச்சினன் சோதனைக் கருவியின் எண்ணைக் காட்டி, "திருப்தியா மாமா?" என்பான். ஹைட்ரஜன் விலை இறங்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது. பிளாண்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

ஒப்பந்தம் ஆனதும் பஸ்கள் அதிகமாயின. வண்டி இரண்டு நடை போக வேண்டியதாயிற்று. ஒருநாள் அவர் வண்டியை விட்டுவிட்டுக் கைகால் கழுவி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி நிரம்பித் தயாராக நின்றது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"என்ன மாப்ள, கழுவியாச்சா?"

"இப்ப வேகமா பண்ற மாதிரி மாத்திட்டோம் மாமா. கிளம்புங்க, பங்குல பஸ் நிக்குது."

அவருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. சோதனைக் கருவியைக் காட்டு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சீட்டில் இருபது என்று எழுதுவதையாவது அன்றே நிறுத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. தினமும் விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தவர், மச்சினன் பக்கம் மட்டும் அதை நீட்டவில்லை. வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்பட அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் என்றது ஐந்து மாதம் ஆனது. ஃபார்ம் மாறவே இல்லை.

பிறகுதான் அந்தக் காலை. வண்டியோடு வந்துகொண்டிருந்தவர் பாலத்தின் முன் நெரிசலில் மாட்டிக்கொண்டார். இறங்கி நடந்துபோய்ப் பார்த்தார். மூன்று பஸ்கள், முந்தின நாள் அவர் கொண்டுபோன சரக்கை நிரப்பியவை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பங்குக்குப் போன் போட்டு, "தங்கச்சி, நிறுத்து. யாருக்கும் போடாத," என்றார். இருந்த சரக்கை யாருக்கும் போடாமல் நிறுத்தியது அந்த ஒரு போன்தான். அது பிறகு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

விசாரணை பிளாண்டின் மாடி அறையில் நடந்தது. நீளமான மேசை, அதன்மேல் தண்ணீர் பாட்டில்கள், ஒரு மூலையில் சத்தம் போடும் ஏசி. தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஐந்து மாதச் சீட்டுகளை ஒரு கட்டாக மேசைமேல் வைத்தார். குழாய்களில் காற்றும் ஈரமும் இருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அழுத்தம் இருபது இருந்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கவே முடியாது. அப்படியானால் சீட்டு பொய்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

"இருபது இருந்துச்சா?"

"இல்லைங்க சார். சைபர்தான் இருக்கும். கழுவி ரொப்புறோம்னு சொன்னாங்க. சூப்பர்வைசர்தான் இப்படி எழுதச் சொன்னார்."

அதிகாரி திரும்பி மச்சினனைப் பார்த்தார். அவன் எதிர்ப்பக்கத்தில், மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு பேனா. அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

"டிரைவர் எழுதிக் கொடுத்த எண்ணை நம்பித்தான் சார் நாங்க ரொப்பினோம்," என்றான். "இருபது இருக்குற குழாயைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை."

இருபது வருடத்தில் அவன் அவரை 'டிரைவர்' என்று சொன்னது அன்றுதான். பொய்யைவிட அந்தச் சொல்தான் முதலில் குத்தியது.

"மாப்ள, நீதானே வீட்டுக்கு வந்து..."

"ஆபீஸ்ல மாப்ளன்னு கூப்பிடாதீங்க."

அதிகாரி மட்டும் கொஞ்சம் இறங்கிவந்து கேட்டார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இல்லை. போனில் செய்தி? இல்லை. சொல்லும்போது வேறு யாராவது இருந்தார்களா?

"என் மனைவி இருந்தாங்க சார்."

"நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் பங்குப் பெண் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடாமல் தானாகவே லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மாலை வரை இருந்தும் அவளை உள்ளே அழைக்கவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் விசாரிப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். ஒரே சட்டையை இரண்டு முறை மடித்தாள்.

"அன்னைக்கு அவன் சொன்னதைச் சொல்லிடு. வேற எதுவும் வேண்டாம்," என்றார்.

"நான் அடுப்படியில இருந்தேன்," என்றாள் அவள். "நீங்க என்ன பேசினீங்கன்னு எனக்குச் சரியா கேக்கல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. ஆரஞ்சுத் தோலின் வாசனைகூட அவருக்கு நினைவிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? மறுநாள் தனியாகவே போனார். "அவங்க வரலைங்க சார்," என்றார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, கேட்பதற்கு முன்னாலேயே மேசைமேல் வைத்தார்.

அட்டை ரத்து. ஏமாற்றினார் என்று காரணம் எழுதியிருந்தார்கள். பிளாண்டுக்கு எச்சரிக்கை மட்டும்தான். கழுவாமல் விட்டதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிவிட்டார்கள். சாமான்களை எடுக்கப் போனபோது விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டார். செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டு மறுபக்கம் பார்த்தார்.

அவர் பழையபடி தண்ணீர் லாரிக்குப் போனார். பழைய முதலாளி சேர்த்துக்கொண்டார். லாரியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். சேர்ந்த முதல் வாரம் அவர் வீட்டில் எதையோ தேடினார். மனைவி அலமாரியிலிருந்து நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள்.

"தெரியும்," என்றார் அவர்.

தம்பி அந்த வீட்டுக்கு வருவதில்லை. அவள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளா என்று அவர் கேட்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து முதலாளி ஒரு புது இடம் சொன்னார். பிளாண்டில் தண்ணீர் பற்றவில்லை, தினம் நான்கு லாரி வேண்டுமாம். வேறு டிரைவரை அனுப்பட்டுமா என்று முதலாளியே கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றார் இவர்.

தண்ணீரை வாங்கிக் கையெழுத்துப் போடுவது சூப்பர்வைசர் வேலை. மச்சினன் சீட்டு செருகிய அட்டையும் பேனாவுமாக வந்தான். லாரியைப் பார்த்தான், பிறகு டிரைவரைப் பார்த்தான். மெல்ல, "மாமா," என்றான். "பன்னெண்டாயிரம் லிட்டர்னு போட்டுடட்டுமா?"

"ஏணி அந்தப் பக்கம் இருக்கு சார்," என்றார் அவர். "ஏறி உள்ள பாருங்க. அப்புறம் இறங்கி வந்து கண்ணாடியில பன்னெண்டாயிரத்துக்கு நான் போட்ட கோட்டைப் பாருங்க. பாத்துட்டு நீங்களே எழுதுங்க. நான் சொல்லி நீங்க எழுத வேண்டாம்."

"மாமா, எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு சார்."

மச்சினன் ஏறினான். வெள்ளைச் சட்டையில் துரு அப்பிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தான், இறங்கினான், சிவப்புக் கோட்டின் முன் குனிந்து பார்த்தான், எழுதினான். அவர் சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தார். பிறகுதான் வால்வைத் திறந்தார். இன்றைக்கும் ஒவ்வொரு லாரிக்கும் அப்படித்தான். தினம் நான்கு முறை மச்சினன் அந்த ஏணியில் ஏறி இறங்குகிறான்.

பாலத்தில் என்னிடம் கேட்ட நர்சை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் சொல்வதற்கு இப்போது பதில் இருக்கிறது. அவர் எழுதியது பொய்தான், அவரே அதை மறுக்கவில்லை. ஆனால் எழுதச் சொன்னவன் பெயரும், கழுவாமல் நிரப்பியவர்கள் பெயரும், கேட்டும் கேட்காததுபோல இருந்தவர்களின் மௌனமும் அந்தச் சீட்டில் இல்லை. இருந்தது ஒரே கையெழுத்து.

இதைப் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக இந்தக் குழாய் வண்டி ஓட்டப் போகிறவர், பங்கில் வேலைக்குச் சேர்ந்தவர், பிளாண்டில் சீட்டு எழுதுகிறவர் என்று யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். முள் எங்கே நிற்கிறதோ அதையே எழுதச் சொல்லுங்கள். மாற்றி எழுதச் சொல்பவர் வீட்டு ஆளாகவே இருந்தாலும்.